விஸ்ராவில் ஏன் சிக்கவில்லை?

கேள்வி: வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டதால்தான் பையன் இறந்தான் என்று ஊரே சொல்கிறது. விஸ்ரா (பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புகளின் ரசாயன ஆய்வு) ரிப்போர்ட்டில் 'விஷம் ஏதும் இல்லை' என்று வந்திருக்கிறது. எது பொய்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். உப்புக் கரைசல் ஜாடிகளில் வழக்கமாகப் போவது இரைப்பை, 30 செ.மீ. சிறுகுடல், கல்லீரல் துண்டு, சிறுநீரகங்களில் பாதிப் பாதி. பூச்சிமருந்து குடித்த சாவுக்கு இது பொருந்தும். நரம்பில் ஏற்றியதை இரைப்பையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ரத்தமும் சிறுநீரும் கட்டாயம் வேண்டும்.

சிறுநீரை அனுப்பினாலும் மருந்து சிக்காமல் போக வழியுண்டு. இப்படிப் பயன்படும் டேபென்டடால் என்ற வலி மருந்து, ஓபியம் வகைக்கான உடனடிச் சோதனைக் கிட்டில் காட்டாது. உடம்பு அதில் பெரும்பகுதியைக் குளுகுரோனைடாக (சர்க்கரை அமிலம் ஒட்டிய வடிவமாக) மாற்றித்தான் சிறுநீரில் விடுகிறது. அந்தப் பிணைப்பை பீட்டா குளுகுரோனிடேஸ் நொதியால் அவிழ்க்காமல், மாதிரியை ஆவியாக்கிப் பிரித்து அடையாளம் காணும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் ஏற்றினால், மிச்சமிருக்கும் சொற்ப மூல மருந்து மட்டுமே தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. திரவ நிலையிலேயே பிரித்துப் பார்க்கும் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். கருவி இருந்தால் குளுகுரோனைடையே நேராகப் பார்க்கலாம்.

செயற்கைக் கஞ்சா (கஞ்சா போல் போதை தரும், ஆய்வகத்தில் செய்த ரசாயனம்) இன்னும் மோசம். கஞ்சா கிட் அதை அடையாளம் காணாது. அந்த வகையில் 5எஃப்-ஏடிபி போன்றவற்றில் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பு உடம்புக்குள் உடைந்துவிடுவதால், சிறுநீரில் மூலப்பொருளைத் தேடுவது வீண்; உடைந்து வந்த அமிலத்தைத் தேட வேண்டும். அதற்கான ஒப்பீட்டு மாதிரி ஆய்வகத்தில் இல்லையென்றால், வரைபடத்தில் முகடு எழுந்தாலும் அதற்குப் பெயர் வைக்க முடியாது.

ஆகவே அனுப்பும் கடிதத்தில் 'விஷம் உண்டா?' என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. சந்தேகப்படும் மருந்தின் பெயரை எழுதி, கிடைத்த மாத்திரை அட்டை, சிரிஞ்சு இரண்டையும் தனித்தனியாக சீல் வைத்து அனுப்ப வேண்டும். ரத்தம் கெடாமலும் உறையாமலும் இருக்க, 10 மி.லி.க்கு 100 மி.கி. சோடியம் ஃப்ளூரைடு, 30 மி.கி. பொட்டாசியம் ஆக்சலேட் சேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டி அவசியம்: மெபட்ரோன் என்ற போதைப்பொருள் வகையறா அறை வெப்பத்திலேயே சிதையும், நம் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: பிரேதப் பரிசோதனையில் இதயத்தில் ரத்தம் எடுப்பது சுலபம். தொடையில் எடு என்கிறார்களே, ஏன்?
– மருத்துவ மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இறந்த பிறகும் மருந்து நகரும். கல்லீரல், நுரையீரலில் சேர்ந்திருப்பது இதய ரத்தத்துக்குள் கசிந்து அளவை ஏற்றிக் காட்டும். சிகிச்சை அளவில் சாப்பிட்டவரும் அளவு மீறியவராகத் தெரிவார். தொடைச் சிரையை இடுப்புப் பக்கம் நூலால் கட்டிவிட்டு, கட்டுக்குக் கீழே ஊசி போட்டு உறிஞ்சுங்கள். வரவில்லை என்று காலைப் பிசையாதீர்கள். பிசைந்தால் தசையில் இருப்பதும் சேர்ந்து வரும். பாட்டிலில் வெறுமனே 'ரத்தம்' என்று எழுதினால் பட்ட பாடெல்லாம் வீண். 'வலது தொடைச் சிரை' என்றே எழுதுங்கள்.