ரோட்டில் கிடந்தவரை விட்டுவிட்டு நாய்க்காக அழலாமா?

கேள்வி: போன மாதம் இரவு பத்து மணிக்கு நானும் கணவரும் திண்டிவனத்திலிருந்து பைக்கில் திரும்பும்போது, ஒருவர் வண்டியோடு விழுந்து ரோட்டோரம் கிடந்தார். "போலீஸ், கேஸ்னு அலைய முடியாது" என்று கணவர் நிறுத்தவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து எங்கள் தெருவில் கார் மோதிய நாயை ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். தூக்கும்போது கையில் நாலு கீறல். நாய் பிழைத்துவிட்டது. "மனுஷனை விட்டுட்டு வந்தவ நாய்க்கு அழறா" என்கிறார் மாமியார். தூக்கமே வரவில்லை. முன்பின் தெரியாதவருக்கு உதவுவது கடமையா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடமைதான். சுற்றி வளைத்து வேறு மாதிரி சொன்னால் இன்று ஒரு ராத்திரி தூங்குவீர்கள், நாளைக்குத் திரும்பவும் விழித்துக்கொள்வீர்கள். அவர் யார், குடித்திருந்தாரா, தப்பு யார் மேல் என்பதெல்லாம் அப்புறம் வருகிற கேள்விகள். அந்த நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்.

உங்கள் கணவரைக் கல்மனசுக்காரர் என்று நினைக்காதீர்கள். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரையே ஸ்டேஷனில் உட்கார வைத்த காலம் இருந்தது, அந்தப் பயம் இன்னும் ஊரில் போகவில்லை. ஆனால் சட்டம் மாறி ரொம்ப நாளாகிவிட்டது. உதவ வருபவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதிமுறைகளுக்கு 2016-ல் உச்ச நீதிமன்றம் சட்ட பலம் கொடுத்தது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று தனிப் பிரிவே சேர்த்தார்கள். பெயர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது, சாட்சியாக வரச் சொல்லியும் வற்புறுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. இதைக் கணவரிடம் சண்டையாக இல்லாமல், சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்லுங்கள்.

ஜெர்மனியில் உதவாமல் போவதே குற்றம். நம் ஊரில் சும்மா கடந்து போகிறவரை அப்படித் தண்டிப்பதில்லை, அந்த முடிவை நம் மனசாட்சியிடம் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, அது நல்ல அறிகுறி என்றே நினைக்கிறேன்.

கடமை என்றதும் மலையைச் சுமக்கச் சொல்வதாக எண்ண வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்துவது, 108-க்குப் போன் போடுவது, ஆம்புலன்ஸ் வரும்வரை கூட இருப்பது, அவ்வளவுதான். இழுத்துத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது, கழுத்தில் அடி இருக்கலாம். தண்ணீரும் கொடுக்க வேண்டாம். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். சில வருஷம் முன்னால் எங்கள் தெருமுனையில் ஒரு பையன் ஸ்கூட்டரில் வழுக்கி விழுந்தான், என் துண்டை மடித்து அவன் நெற்றியில் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். "ஒரு செருப்பைக் காணோமே, ஒரு செருப்பைக் காணோமே" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இங்கேதான் இருக்கு, எடுத்துக்கலாம் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். செருப்பு அங்கே இல்லை. பதில் சொல்ல ஒரு குரல் அவனுக்கு வேண்டியிருந்தது, அது நின்றால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

இப்போது நாய். மாமியார் சொல்வதை இந்த இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் நாயைத் தூக்கியதால் அந்த மனிதருக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. நம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவு, குடிமக்களின் கடமைகளைச் சொல்லும்போது உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவதையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டு இடத்திலும் உங்கள் மனசு ஒன்றுதான். நாய்க்குக் கேஸ் கிடையாது, கோர்ட் கிடையாது, அதனால் கை தானாக நீண்டது. ரோட்டில் பயம் அதைப் பிடித்து இழுத்துவிட்டது. அந்தப் பயத்துக்கு இனி வேலையில்லை என்றுதான் மேலே இவ்வளவு எழுதினேன்.

இன்னொரு விஷயம், இதுதான் அவசரம். கையில் நாலு கீறல் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஊசி போட்டதாக எங்கேயும் சொல்லவில்லை. தெருநாயின் நகமோ பல்லோ பட்டுத் தோல் கிழிந்திருந்தால் ரேபிஸ் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும், நாள் கடந்துவிட்டது என்று விடக் கூடாது. அரசு மருத்துவமனையில் இலவசம், முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ம் நாள் என்று போடுவார்கள். இதைப் படித்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டுக் கிளம்புங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.