கலாம் தனியாக வரவில்லை

கேள்வி: அப்துல் கலாம் வீடு வீடாகப் பேப்பர் போட்டுப் படித்துத்தான் விஞ்ஞானி ஆனார். அவருக்கு யார் துணைப்பாட வகுப்பு எடுத்தார்கள்? இங்கே சிங்கப்பூரில் அரசு வாடகை வீட்டில் வளரும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவிநிதி, சிண்டா எனும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் துணைப்பாட வகுப்பு எல்லாம் இருக்கிறது. அப்படியும் அறிவியலில் மேலே வருகிறவர்கள் குறைவு. உழைக்க மனமில்லை என்பதுதானே உண்மை?
- பொறியாளர் ஒருவர், யீஷூன்

பதில்: இல்லை. கலாம் கதையில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, கட்டவேண்டிய ஆயிரம் ரூபாய் அவர் வீட்டில் இல்லை. அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அதற்கும் முன்னால், ராமேஸ்வரம் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்றொரு ஆசிரியர். பறவை பறக்கும் விதம் வகுப்பில் புரியவில்லை என்றதும் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார். இருவரையும் கலாம் கடைசிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டே இருந்தார்.

இயற்பியல் விஞ்ஞானி மேகநாத் சாகாவைப் பாருங்கள். 1893ல் டாக்கா பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், சின்ன மளிகைக்கடைக்காரரின் மகன். தொடக்கப்பள்ளி முடிந்ததும் கடையில் உட்காரவைக்கத்தான் அப்பா நினைத்தார். அடுத்த பள்ளியோ பல மைல் தள்ளி. அண்ணன் போய்ப் பேசியதில், அனந்த குமார் தாஸ் என்ற மருத்துவர் பையனைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். அந்தப் பையன்தான் 1920ல், விண்மீனின் ஒளியை வைத்து அதன் வெப்பத்தைக் கணிக்க உதவும் சமன்பாட்டைத் தந்தார்.

உழைப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? வட்டார நூலகம் இரவு ஒன்பதுக்கு மூடியதும் ஓரறை வீட்டுக்குத் திரும்பி, தம்பி தங்கைகள் தூங்கும்வரை காத்திருந்து தரையில் நோட்டை விரிக்கிற பிள்ளையும் உழைக்கத்தான் செய்கிறது.

அறிவியலுக்கு நாள் பிடிக்கும். பட்டத்துக்கு நான்கு ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு மேலும் நான்கு. அதுவரை வீட்டுக்குச் சம்பளம் வராதே என்ற பயத்தில், இந்தப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியிலேயே ஆசையை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் இங்குள்ள பல்கலைக்கழகங்களில் முனைவர் ஆய்வுக்குத் தேர்வாகிறவர்களுக்குக் கட்டணத்தையும் ஏற்று, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிற திட்டங்கள் உண்டு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தொடங்கி, பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகம் போகவும் பாதை இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? சுற்றறிக்கை கொடுத்தால் போதாது ஐயா, பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

சரி, நீங்கள் பொறியாளர். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தொண்டூழியராகப் பதிந்துகொண்டு, உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இயற்பியல் சொல்லிக்கொடுங்கள். ஆறு மாதம் கழித்து, அந்தப் பிள்ளைக்கு உழைக்க மனமிருக்கிறதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.