முழங்கால் பொருக்கு திரும்பத் திரும்பப் பிய்வது பற்றி

மும்பை சயான் கோலிவாடாவில் மழையில் விழுந்த பையனுக்கு ஆறு நாளாகியும் முழங்கால் பொருக்கு பிய்ந்து ரத்தம் வருகிறது, காப்பித்தூள் வைத்தும் ஆறவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

காப்பித்தூளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது புண்ணுக்குள் அழுக்காகத் தங்கும். ரத்தத்தை நிறுத்துவது ரத்தத்திலேயே இருக்கும் தட்டணுக்கள் என்ற நுண்ணணுக்கள்தான். அவை ஒட்டி அடைப்பு போட, ஃபைப்ரின் என்ற புரத இழைகள் மேலே வலை பின்னுகின்றன. அது காய்ந்ததே பொருக்கு. அதன் அடியில் புதுத்தோல் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்கிறது. காலை மடக்கும்போது காய்ந்த பொருக்கு வெடித்து, பிஞ்சுத்தோலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. பையன் மேல் தப்பில்லை.

அதனால் காய விடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடம் கழுவி, ஒற்றி எடுங்கள். டெட்டாலை நேரடியாக ஊற்ற வேண்டாம், புதுச் செல்களையும் கருக்கும். வாசலின் மெல்லிசாகத் தடவி, புண்ணில் ஒட்டாத காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். தினம் ஒரு தடவை மாற்றினால் போதும், நனைந்தால் உடனே. துணி ஒட்டிக்கொண்டால் பிடுங்காமல் சலைனில் (மருந்துக்கடை உப்புநீர்) பத்து நிமிடம் ஊற விடுங்கள், தானே கழன்றுவிடும். அடியில் ரோஜா நிறத்தில் பளபளப்பாகத் தெரிந்தால் நல்லது.

புண்ணோடு தேங்கிய தண்ணீரில் நடந்தானா? எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக நுழையும்; நடந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டுவது முக்கியம், அது தாண்டியிருந்தாலும் காட்டுங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தால் அதையும் கேளுங்கள். சிவப்பு பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.