ஓரம் கொதிக்குது, நடு உறைஞ்சிருக்கே!

கே: மைக்ரோவேவ் அவன் உணவை உள்ளிருந்து சூடாக்கும் என்கிறார்கள். ஆனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்தால் ஓரம் கொதிக்கிறது, நடுவில் ஐஸ் அப்படியே இருக்கிறதே?

ப: உள்ளிருந்து சூடாவதெல்லாம் கதை. அவனில் மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ். அதன் மின்புலம் மாறி மாறி இழுக்க, நீர் மூலக்கூறுகள் அதற்கேற்பத் திரும்ப முயன்று ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சூடு அப்படித்தான் பிறக்கிறது. ஈரமுள்ள உணவில் அலை ஓரிரு சென்டிமீட்டர் போவதற்குள்ளேயே வலுவிழந்துவிடும். அதற்கு உள்ளே இருப்பது, அடுப்பில் வைத்ததைப் போல, சூடு மெல்லப் பரவித்தான் வேக வேண்டும்.

ஐஸ் விஷயம் இன்னும் மோசம். அதில் மூலக்கூறுகள் படிகத்துக்குள் பூட்டப்பட்டிருப்பதால் திரும்ப முடியாது. அலையை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். ஓரத்தில் கொஞ்சம் உருகியதும் அந்த நீர்தான் அலையை வாரிக்கொள்ளும். உருகிய இடம் மேலும் மேலும் சூடாகும், உறைந்த இடம் உறைந்தே கிடக்கும்.

எனவே பவரை 30 சதவீதத்துக்கு இறக்குங்கள். இன்வெர்ட்டர் (பவரை நிறுத்தாமலே கூட்டிக் குறைக்கும் மின்சுற்று) இல்லாத அவனில் இதற்குப் பொருள், மேக்னட்ரான் முழு வலுவில் சில நொடி ஓடி, பிறகு நிற்கிறது என்பதே. (இடையில் ‘டக்’ என்று கேட்பது அதுதான்.) நிற்கும் நேரத்தில் சூடு உள்ளே இறங்குகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, விட்டுக்கொடுக்கும் துண்டுகளைப் பிரித்தெடுங்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள்; பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கே: தட்டு சுற்றியும் ஏன் சமமாகச் சூடாவதில்லை?

ப: அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் நலிந்தும் நிற்கும். அலைநீளம் சுமார் 12 செ.மீ. என்பதால் சூடான திட்டுகள் ஏறக்குறைய 6 செ.மீ. இடைவெளியில் விழும். தட்டு சுற்றினாலும் அதன் நட்டநடு இடம் நகர்வதே இல்லை. உணவை நடுவில் குவிக்காமல் ஓரமாக வளையம்போல் பரப்புங்கள்.

கே: உள்ளே பக்கச் சுவரில் பொறி பறக்கிறது. அவன் போய்விட்டதா?

ப: அலை வரும் வழியை மூடியிருக்கும் மைக்கா தகட்டைப் பாருங்கள். அதில் தெறித்த எண்ணெய் கரியாகிவிட்டால் பொறி கிளம்பும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் ஓட்டலாம். தகடு கருகி ஓட்டை விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். வெளிக்கூட்டை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள்: உள்ளிருக்கும் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.