திரையில் தட்டுவதா, விசையை அழுத்துவதா?

கைப்பேசியில் எழுதுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: வங்கிப் பணியில் இருந்தபோது பல ஆண்டுகள் விசைப்பலகை கொண்ட பிளாக்பெர்ரி பேசி வைத்திருந்தேன். ஓய்வுபெற்றபின் வாங்கிய தொடுதிரைப் பேசியில் ஒரு வரி அடிப்பதற்குள் இரண்டு மூன்று பிழைகள் வந்துவிடுகின்றன. பழைய பிளாக்பெர்ரி ஒன்று குறைந்த விலைக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வாங்க வேண்டாம். தன் சொந்த இயங்குதளத்தில் ஓடிய பேசிகளுக்கான சேவைகளை பிளாக்பெர்ரி நிறுவனம் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்திவிட்டது. அதன்பின் அவற்றில் அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட ஒழுங்காக இயங்கும் என்று நம்ப முடியாது என அந்த நிறுவனமே அறிவித்தது. விற்பனைக்கு வந்திருப்பது ஆண்ட்ராய்டில் ஓடும் கீ–ஒன் (2017) அல்லது கீ–டூ (2018) என்றால் பேசி உயிரோடுதான் இருக்கும்; ஆனால் அவை ஆண்ட்ராய்டு 8–ஐத் தாண்டவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பேசியில் பணப் பரிமாற்றம் செய்வது எத்தகையது என்பதை வங்கியில் இருந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. அதை வயதின் மேல் போட்டுவிட முடியாது. விசையில் எழுதும்போது விரல் இரண்டு வேலைகளைத் தனித்தனியே செய்கிறது: முதலில் விசையைத் தடவிக் கண்டுபிடிக்கிறது, பிறகு அழுத்துகிறது. தவறான விசைமேல் விரல் பட்டாலும், அழுத்தாதவரை எதுவும் நடப்பதில்லை. கண்ணாடித் திரையில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பட்டாலே எழுத்து விழுந்துவிடும். இதை ஈடுகட்டத்தான் மென்பொருள் திரைக்குப் பின்னால் ஒரு தந்திரம் செய்கிறது. அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று கணித்து, அந்த எழுத்துக்குரிய தொடுபரப்பை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாக்கிக்கொள்கிறது. படத்தில் விசை அதே அளவில்தான் இருக்கும். ஆகவே திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் திருத்துவதைவிட, சொல்லை முழுதாக அடித்து முடித்துவிட்டுத் திருத்தும் பொறுப்பை மென்பொருளிடம் விடுவதே பயன் தரும். பிளாக்பெர்ரியில் பழகிய கை இதற்கு நேர்மாறான ஒழுக்கத்தில் வளர்ந்தது என்பதால்தான் தடுமாறுகிறது.

விசைதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் இரண்டு வழிகள் உள்ளன. ஷாங்காயைச் சேர்ந்த யூனிஹெர்ட்ஸ் நிறுவனம் 2019 முதல் ‘டைட்டன்’ என்ற பெயரில் விசைப்பலகை கொண்ட ஆண்ட்ராய்டு பேசிகளை வெளியிட்டுவருகிறது, கனமானவை, முரட்டுத்தனமானவை. ‘கிளிக்ஸ்’ என்பது 2024–இல் வந்த உறை. ஐபோனை அதற்குள் செருகினால் கீழ்ப்பக்கம் விசைப்பலகை முளைத்துவிடும், பேசியின் நீளமும் அதற்கேற்பக் கூடிவிடும். இவற்றில் எதையும் பழுதுபார்க்க நம் ஊர்க் கடைகளில் உதிரிபாகம் கிடைப்பது அரிது என்பதால், அன்றாடம் ஆங்கிலத்தில் நீண்ட மின்னஞ்சல்கள் எழுதுபவருக்கு மட்டுமே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: உண்மையில் எது வேகமானது? நண்பர்களுக்குள் பந்தயம்.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பந்தயப் பணத்தைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம், கேம்பிரிட்ஜ், சூரிச்சின் இடிஹெச் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 37,000 தன்னார்வலர்களைத் தொடுதிரையில் ஆங்கிலம் எழுதச் செய்து 2019–இல் வெளியிட்ட முடிவின்படி, சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொற்கள். இரு கட்டைவிரல்களாலும் எழுதுபவர்களுக்கு 38. மேசைக் கணினி விசைப்பலகையில் எழுதியோரை வைத்து அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆய்வில் சராசரி ஏறத்தாழ 52. பத்து விரல்களுக்கும் இடமுள்ள பலகையோடு ஒப்பிட்டதால்தான் அந்த வேறுபாடு. கைப்பேசியின் குட்டி விசைகளுக்கும் அந்த வேகம் உண்டு என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

அந்த ஆய்வில் எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. தானியங்கித் திருத்தத்தைப் பயன்படுத்தியவர்கள் வேகமாக எழுதினார்கள். மேலே வரிசையாக வரும் பரிந்துரைச் சொற்களைத் தேர்ந்தெடுத்துத் தொட்டவர்களோ மெதுவாகவே எழுதினார்கள். பரிந்துரையைப் படித்துப் பார்த்து முடிவெடுக்கும் நேரம், மிச்சமான எழுத்துகளை அடித்திருக்கக்கூடிய நேரத்தை விழுங்கிவிடுகிறது.

கேள்வி: நான் கைப்பேசியிலேயே சிறுகதைகள் எழுதுகிறேன். முழுக்கத் தமிழ்தான். என்னைப் போன்றவர்களுக்கு விசைப்பலகை கொண்ட பேசி உதவுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உதவாது. ஆங்கிலம் எழுதுபவருக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயம். தமிழ் எழுதுபவருக்கோ எண்ணிக்கையே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது.

1999–இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை முறையில் உயிர் 12, மெய்க்கு உரிய எழுத்து 18, புள்ளியும் ஆய்தமும் சேர்ந்து ஒன்று என 31 விசைகள் தேவைப்படுகின்றன. ஆங்கிலத்துக்கோ 26 போதும். கணினிப் பலகையில் மீதி ஐந்தும் நிறுத்தக்குறி விசைகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன: வலது ஓரத்தில் இருக்கும் அடைப்புக்குறிகளில் ச, ஞ, அரைப்புள்ளியில் ந, மேற்கோள் குறியில் ய, சாய்கோட்டில் ழ. பிளாக்பெர்ரி போன்ற பேசிகளின் கட்டைவிரல் பலகையில் இந்த ஐந்து விசைகளுக்கும் இடமே கிடையாது. ‘நான்’ என்று தொடங்கவும் ‘யார்’ என்று கேட்கவும் ‘தமிழ்’ என்று எழுதவும் வேறு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

சரி, ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்து எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் ‘அஞ்சல்’ எனப்படும் ஒலிபெயர்ப்பு முறையில் ள, ண, ற ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து வேண்டும். ‘பள்ளி’ என்று எழுத, ‘ள’ வருகிற இரண்டு இடங்களிலும் ஷிஃப்டைத் தேட வேண்டும். தமிழ்99–இல் அதே சொல்லுக்கு ப, ள, ள, இ என்று நான்கு தட்டல்கள்; ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ‘பந்து’ என்பதற்கும் ப, ந, த, உ என்று நான்குதான், ஏனெனில் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானாகவே வரும். (‘மமதை’ போன்ற சொல்லில் மட்டும் இரண்டு மகரங்களுக்கு நடுவே ‘அ’ விசையை ஒருமுறை தட்டிப் புள்ளியைத் தடுக்க வேண்டும். இது தெரியாமல் முறையையே கைவிட்டவர்கள் உண்டு.)

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் அன்றைய விசைப்பலகைப் பேசிகள் நான்கின் படத்தைக் காட்டி, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிளாஸ்டிக் விசைகள் அங்கேயே நிற்கின்றன, பின்னால் மாற்ற வழியில்லை என்று வாதிட்டார். அவர் செயலிகளை மனத்தில் வைத்துப் பேசினார். ஆனால் அந்த வாதம் ஆங்கிலத்தைவிட நம்மைப் போன்ற மொழிகளுக்குத்தான் கூடுதலாகப் பொருந்துகிறது. அச்சிட்ட விசையில் தமிழ் இல்லை என்றால் இல்லைதான்; திரையோ கேட்ட எழுத்தைக் கேட்ட இடத்தில் வரைந்து தருகிறது. தொடுதிரை பரவுவதற்கு முன்பே, 2005 பொங்கலன்று, முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ என்ற மென்பொருள் எண்விசைப் பேசிகளில் தமிழைக் கொண்டுவந்தது உண்மை. பன்னிரண்டு பொத்தான்களுக்குள் தமிழை அடக்கிய அந்தச் சாமர்த்தியத்தை நான் இன்றும் வியக்கிறேன். ஆனால் அதில் ஒரு சிறுகதையை எழுதி முடிக்கும் பொறுமை எனக்கு இருந்திருக்காது.

திரையிலும் குறைகள் உண்டு. தமிழ்99–இன் மேல்வரிசையில் பன்னிரண்டு எழுத்துகள், ஆங்கிலத்தில் பத்துதான். ஆகவே ஒவ்வொரு விசையும் ஒடுங்கிவிடுகிறது. பேசியைப் பக்கவாட்டில் திருப்பி எழுதினால் ஓரளவு சரியாகும். இரண்டாவது குறை பெரியது. முன்பு சொன்ன தானியங்கித் திருத்தத்தின் பலன் ஆங்கிலத்தில் அளக்கப்பட்டது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது போல வேற்றுமையும் விகுதியும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்கள் எல்லாவற்றையும் எந்தச் சொற்பட்டியலிலும் அடக்க முடியாது. அப்போது மென்பொருள் தனக்குத் தெரிந்த சொல்லாக அதை மாற்றிவிடப் பார்க்கும். வட்டார வழக்கில் உரையாடல் எழுதும் கதாசிரியருக்கு இது பெரும் தொல்லை. ஆகவே கதை எழுதும்போது தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டுப் பரிந்துரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. தொடுதிரை அவர் விரலுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. பொத்தான் பேசியே போதுமா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இன்றைய திரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை, விரல் படும்போது மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்கின்றன. வறண்டு காய்த்துப்போன விரல்நுனியைத் திரை சரியாக அறியாது. ஈரக் கை என்றால் தண்ணீர்த் துளியையும் விரலாக எண்ணிவிடும். ‘அழுத்தித் தொடுங்கள் அம்மா’ என்று நாம் சொல்வதால் பயனில்லை. சில பேசிகளின் அமைப்புகளில் தொடுஉணர்திறனைக் கூட்டும் வசதி இருக்கிறது. அணுகல்தன்மைப் பகுதியில், எவ்வளவு நேரம் தொட்டால் ‘நீண்ட அழுத்தம்’ என்று கொள்வது என்பதையும் மாற்றலாம். தடித்த திரைக்காப்பு ஒட்டியிருந்தால் முதலில் அதை உரித்துப் பாருங்கள்.

பேசுவதுதான் முக்கியத் தேவை என்றால் பொத்தான் பேசியே நல்லது. 5–ஆம் விசைமேல் இருக்கும் சிறு மேட்டைத் தடவியே இருட்டிலும் எண்ணை அழுத்தலாம். பணம் அனுப்ப முடியாதே என்ற கவலையும் வேண்டாம். இணையம் இல்லாத பேசிகளுக்கென ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யுபிஐ 123பே முறையைத் தொடங்கிவைத்திருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு காணொளியில் பேச வேண்டும் என்பவராக இருந்தால் மட்டும் இந்தப் பதில் மாறும்.

கேள்வி: தொடுதிரைப் பேசியோடு தனி விசைப்பலகையை இணைத்துக்கொள்வது வீண்செலவா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: பக்கக் கணக்கில் எழுதுபவருக்கு வீண்செலவு அல்ல, நடுவழியாக நான் சொல்வதும் அதுதான். கும்பகோணத்து வாசகியும் இதைக் கவனிக்கலாம். புளூடூத் பலகையில் நிறுத்தக்குறி விசைகள் முழுதாக இருக்கும் என்பதால் மேலே தொலைந்துபோன ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் திரும்பிவிடுகின்றன. மடிக்கும் வகைகளில் அந்த வலது ஓர விசைகளைச் சுருக்கியோ இடம் மாற்றியோ வைத்திருப்பார்கள். வாங்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, திரையில் தமிழ் தரும் செயலிகள் எல்லாமே வெளிப் பலகைக்கும் தமிழ் தருவதில்லை. கடையிலேயே உங்கள் பேசியோடு இணைத்து, ஐந்து எழுத்துகளும் வருகிற ‘நிழற்சாயை ஞாபகம்’ என்று ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.