சிறுநீரில் தெரியும் மருந்து

கேள்வி: ஆப்பிரிக்காவின் மலாவி நாடு மலேரியாவுக்குக் குளோரோகுயின் கொடுப்பதை 1993இல் கைவிட்டது என்றும், பின்னாளில் அதே மருந்து அங்கே மீண்டும் பலனளித்தது என்றும் படித்தேன். ஓர் ஊரில் மக்கள் எந்த மலேரியா மருந்தைச் சாப்பிடுகிறார்கள் என்பதை அவர்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டுமா, எளிய சோதனை உண்டா?
– மதுரை வாசகர் ஒருவர்

பதில்: நீங்கள் படித்தது சரியே. மலாவியின் பிளான்டயர் நகரில் குழந்தைகளிடையே நடந்து 2006இல் வெளியான ஆய்வில் குளோரோகுயின் 99 விழுக்காடு பலனளித்தது. அதற்கு மாற்றாக வந்த சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் கூட்டு மருந்தோ 21 விழுக்காடுதான் பலனளித்தது. குளோரோகுயினின் புழக்கம் குறைந்ததும் அதை எதிர்த்து நின்ற கிருமிகள் அருகிப்போயின என்பதால், ஊரில் எந்த மருந்து புழங்குகிறது என்பதை அறிவது மிக முக்கியம்.

கேட்டறிவது மட்டும் போதாது. மக்கள் பொய் சொல்வார்கள் என்பதற்காக அல்ல. காய்ச்சலுக்குக் கடையில் பொட்டலமாக வாங்கிக் கொடுத்த மாத்திரையின் பெயர் பல தாய்மாருக்குத் தெரிந்திருப்பதில்லை. குளோரோகுயினுக்கு டில்–கிளாஸ்கோ சோதனை இருக்கிறது. ஈயோசின் சாயம் கலந்த குளோரோஃபார்மைச் சிறிதளவு சிறுநீரோடு குலுக்கி வைத்தால், அடியில் தங்கும் மஞ்சள் நீர்மம் மருந்து இருக்கும்போது செவ்வூதாவாக மாறும்.

மேலே சொன்ன சல்ஃபடாக்சின் போன்ற சல்ஃபா வகை மருந்துக்கான சோதனை இன்னும் எளிது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. நாளிதழ்த் தாளின் அச்சில்லாத ஓரத்தில் இரண்டு சொட்டுச் சிறுநீரை விட்டு, அந்த ஈரத்தின் நடுவே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால், சல்ஃபா இருக்கும்போது அந்த இடம் ஆரஞ்சு மஞ்சளாகும். மரக்கூழிலிருந்து நீக்கப்படாமல் அந்த மலிவுத் தாளில் தங்கிவிடும் லிக்னின்தான் நிறத்தைத் தருகிறது. லிக்னினை நீக்கிச் செய்த நல்ல வெள்ளைத் தாள் இதற்கு உதவாது.

ஆனால் நிறத்தைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மற்றொரு மலேரியா மருந்தான குயினைன் சாப்பிட்டவரின் சிறுநீரும் ஈயோசினைச் சிவக்கவைக்கலாம். சளிக் காய்ச்சலுக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சாப்பிட்ட குழந்தையின் சிறுநீரும் தாளில் நிறம் காட்டும், ஏனெனில் அதுவும் சல்ஃபாவே. குறைந்த அளவு மருந்தை ஈயோசின் தவறவிடும் என்பதால், நிறம் மாறாததை வைத்து மருந்தே சாப்பிடவில்லை என்று சொல்லவும் முடியாது. எனவே தனியொருவரைக் குறைசொல்ல இதைப் பயன்படுத்துவது தவறு. நூற்றுக்கணக்கானோரிடம் செய்து, அவர்கள் சொன்னதோடு ஒப்பிடும்போதுதான் ஊரின் போக்கு தெரியும். இன்று பரவலாகக் கொடுக்கப்படும் ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகளோ சில மணி நேரத்திலேயே உடலில் சிதைந்துவிடும்; அவற்றை இந்தச் சோதனைகளால் கண்டறிய இயலாது.