மாமியின் அகப்பையும் மகளின் வெறுந்தட்டும்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். வயது 41. அரச அலுவலகமொன்றில் வேலை. என் கணவருக்குக் கடந்த தை மாதம் நீரிழிவு என்று தெரியவந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தனிச் சமையல்: பகலில் அளந்த சோறு, இரவில் குரக்கன் புட்டு. எங்களோடு இருக்கும் மாமிக்கு இது பிடிக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு இவர் கடையிலிருந்து வரும்போது நான் வீட்டில் இருப்பதில்லை. பாரை மீன் குழம்போடு மாமி சோற்றைக் குவித்துவிடுகிறார். கேட்டால், "பட்டினி போட்டா என் பிள்ளையின் நோயை மாற்றப் போகிறாய்?" என்கிறார். இவரோ அம்மாவுக்கும் தலையாட்டுவார், எனக்கும் தலையாட்டுவார்.

1990இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது ஒரு இறாத்தல் பாணை ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தவர் மாமி. அந்தக் கதையை மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்போம். வெள்ளிக்கிழமை அவர் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவதால் வீட்டில் மரக்கறிதான். அந்த ஒரு நாள் மட்டும் சமையலறையில் சண்டையில்லை.

இதற்கிடையில் 13 வயது மகள் இரண்டு மாதமாக இரவில் சாப்பிடுவதில்லை. "பசியில்லை" என்கிறாள். பள்ளிச் சீருடை தொளதொளக்கிறது. நானும் இரவில் வெறும் தேநீரோடு படுப்பவள்தான், கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே வெறுப்பு வருகிறது. ஆனால் அவள் வளரும் பிள்ளை அல்லவா? சிறு வயதில் மாமி துரத்தித் துரத்தி ஊட்டியதன் வினைதான் இது என்று நினைக்கிறேன். மாமியை எப்படித் திருத்துவது?

உப்புவெளி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் முழுக்க மாமி. உங்களைப் பற்றி ஒரே வரி, அதுவும் போகிற போக்கில். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். இரவில் சாப்பிடாமல் படுக்கும் பெண் உங்கள் வீட்டில் இருவர். ஒருத்தியைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறீர்கள்.

குற்றம் சாட்டவில்லை. அந்த வயதில் தோழிகளின் பேச்சும் கைத்தொலைபேசித் திரையும் சேர்ந்தே வேலை செய்யும். ஆனாலும் ஒரு பெண் தன் உடம்பை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை மகள் முதலில் படிப்பது தாயிடம்தான். கண்ணாடி முன் நீங்கள் முகம் சுளிப்பதை அவள் பார்த்திருப்பாள்.

முதலில் இந்த வாரமே அவளை வைத்தியரிடம் காட்டுங்கள். எடை குறைவுக்கு உடல்நோயும் காரணமாகலாம். மாதவிடாய் நின்றிருந்தாலோ, தலைசுற்றினாலோ, சாப்பிட்டதும் குளியலறையில் அடைந்துகொண்டாலோ ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னால் தயங்காமல் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திலும் பேசலாம்.

மாமிக்கு வருவோம். ஊட்டியதன் வினை என்பதில் பாதி உண்மை உண்டு. வற்புறுத்தி ஊட்டும் உணவைப் பிள்ளைகள் வெறுக்கத் தொடங்குகிறார்கள். ஒளித்து வைத்துத் தடுக்கும் உணவின்மீது ஆசை கூடுகிறது. இரண்டையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டாவதைத்தான் நீங்கள் இப்போது கணவருக்குச் செய்கிறீர்கள். அளந்த சோற்றைத் தின்றவர் அம்மாவின் அகப்பையைத் தேடிப் போகிறார்!

பாணை ஐந்தாகப் பிரித்த கைக்கு, மகனின் தட்டில் சோறு குறைவதென்பது பழைய பயம் திரும்பி வருவதுதான். அதை வாதாடி வெல்ல முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். மீன் இல்லாமல் வீடே சாப்பிடுகிறது, யாரும் முறையிடுவதில்லை. காரணம், அது ஒருவருக்கு மட்டும் போட்ட தண்டனையல்ல, எல்லோருக்கும் பொது வழக்கம். அதை நடத்துபவரும் மாமியே.

அமெரிக்காவின் ஃபிரேமிங்காமில் 12,067 பேரை 32 ஆண்டுகள் தொடர்ந்த தரவுகளை வைத்து 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தம்பதியரில் ஒருவருக்கு உடற்பருமன் வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு 37 சதவீதம் கூடியதாக அது சொன்னது. ஆய்வு முறையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. எப்படியானாலும், ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் தனித்து மாறுவது கடினம் என்பது சமையல் செய்கிற எவருக்கும் தெரியும்.

ஆகவே தனிச் சமையலை நிறுத்துங்கள். குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை; அதுவும் மாச்சத்துத்தான், அளவு மீறினால் சீனியை ஏற்றும். எல்லோருக்கும் ஒரே சமையல், சோறு குறைவாக, முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் தாராளமாக. வறையை மாமியிடமே விடுங்கள். அள்ளிப் போட அவருக்கு ஏதாவது வேண்டும். அடுத்த கிளினிக் நாளில் மகனோடு அவரையும் அனுப்புங்கள்; சோற்றின் அளவை வைத்தியர் வாயால் அவர் கேட்கட்டும். மருமகள் சொல்வதைவிட அது எடுபடும், வருத்தமாயிருந்தாலும்.

இன்றிரவு எல்லோரும் உட்காரும்போது நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இடியப்பமோ புட்டோ, வைத்ததைச் சாப்பிடுங்கள். எடையைப் பற்றி, உங்களுடையதோ அவளுடையதோ, யாரும் வாய் திறக்க வேண்டாம். மகள் ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஒன்றும் கேட்காமல் சொதிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வையுங்கள்.